மூளை இரத்தக்கசிவுக்குப் பிறகு: பிராணவாயுவும் பயிற்சியும்

முன்னுரை

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95ஆவது அதிகாரம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகில் இருந்து மருந்தைக் கொடுப்பவர். பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது அந்த நான்காவது ஆளைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. 2019 டிசம்பரில் அந்த நான்காவது இடத்தில் அம்மாவும் தம்பியும் நானும் நிற்க வேண்டி வந்தது.

எங்கள் ஊர் ஜொகூர் மாநிலத்தின் லாபிஸ். சிகாமட்டுக்கும் குளுவாங்குக்கும் இடையில், இரயில் பாதையை ஒட்டிய சிறு பட்டணம். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும்தான். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். அன்று விடியற்காலை வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் சப்பாத்து போடக் குனிந்தார். அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். தலை வலிக்கிறது என்று சொல்ல முயன்றார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. சிகாமட்டுக்குக் கொண்டு போய், அங்கிருந்து ஜொகூர் பாருவுக்கு மாற்றினார்கள். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். அப்போது அப்பாவுக்கு வயது 53. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்தப் பேரவையின் உறுப்பினர்.

ஒரு குடும்பத்தில் இப்படி நேர்ந்தால் முதலில் தேவைப்படுவது பணமா, இயந்திரமா, பயிற்சியா? இந்தக் கேள்விக்கு நாங்கள் தடுமாறித் தடுமாறித்தான் விடை கண்டோம். அந்தத் தடுமாற்றம் இன்னொரு வீட்டில் கொஞ்சமாவது குறையட்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள், அறிவியல் ஆசிரியை. ஒவ்வொரு நோயாளிக்கும் எது பொருந்தும் என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல முடியும்.

இரத்தக்கசிவு என்பது என்ன?

பக்கவாதம் இரண்டு வகைப்படும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டால் அது அடைப்பு வகை. குழாய் வெடித்து இரத்தம் மூளைக்குள்ளோ மூளையைச் சுற்றியோ பரவினால் அது கசிவு வகை. அடைப்பு வகைதான் அதிகம் பேருக்கு வருகிறது. ஆனால் உயிரிழப்பு விகிதம் கசிவு வகையில்தான் அதிகம்.

கசிவுக்கு முதன்மையான காரணம் உயர் இரத்த அழுத்தம். பல ஆண்டுகள் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி, மூளையின் ஆழத்தில் உள்ள மெல்லிய குழாய்கள் பலவீனமடைகின்றன. ஒரு நாள் அவற்றில் ஒன்று வெடிக்கிறது. பிறவியிலேயே பின்னிக் கிடக்கும் குழாய்களும், குழாய்ச் சுவரில் ஏற்படும் வீக்கமும், முதுமையில் குழாய்ச் சுவரில் படியும் ஒருவகைப் புரதமும் பிற காரணங்கள்.

வெளியேறிய இரத்தம் இரண்டு வகையில் கேடு செய்கிறது. முதலாவது, கட்டியாகி அக்கம்பக்கத்து மூளைத் திசுவை நெருக்குகிறது. இரண்டாவது, அந்த இரத்தம் சிதையும்போது வெளிப்படும் இரும்பு முதலான பொருள்கள் திசுவில் அழற்சியையும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. இந்த வீக்கம் வடியப் பல நாட்கள், சில வேளை வாரங்கள்கூட ஆகும். அதனால்தான் கசிவு வகை நோயாளிகள் தொடக்கத்தில் மிக மோசமாகத் தோன்றினாலும் பின்னர் முன்னேறுவது உண்டு. முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் மெதுவாகத் தொடரும்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் பத்தில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, மாற்றுத் துணி எடுக்க நான் அவருடைய அலமாரியைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில் பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள் ஏழு இருந்தன. “ஒன்னும் பண்ணலையே, எதுக்கு மாத்திர?” என்று அவர் அடிக்கடி சொல்வது எனக்குத் தெரியும். நான் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. இந்த நோய்க்கு முன்னறிவிப்பு இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த முன்னறிவிப்பு அலமாரியில் இருந்தது.

முதல் நாட்களில் நடப்பது

முகம் கோணுதல், ஒரு கையோ காலோ செயலிழத்தல், பேச்சுக் குழறுதல், திடீரென்று தாங்க முடியாத தலைவலி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். கையைத் தேய்த்துவிடுவது, விரல் நுனியில் ஊசியால் குத்துவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நேரத்தை வீணாக்கும். தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு. அடைப்பா கசிவா என்பதை மூளை ஸ்கேன் செய்துதான் அறிய முடியும். ஆகையால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுப்பதும் கூடாது. கசிவாக இருந்தால் அது நிலையை மேலும் மோசமாக்கிவிடலாம்.

கசிவு நோயாளிகளின் முதல் மணி நேரங்களைப் பற்றி 2023இல் ஒரு முக்கியமான ஆய்வு வெளிவந்தது. இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளின் 121 மருத்துவமனைகளில் 7,036 நோயாளிகள் அதில் பங்கேற்றனர். இரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழே இறக்குவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துவது, இரத்தம் உறையாமைக்கான மருந்தை உட்கொண்டவர்களுக்கு அதன் விளைவை முறிப்பது ஆகிய நான்கையும் சேர்த்துச் செய்தபோது நோயாளிகளின் நிலை தெளிவாக மேம்பட்டது. இவற்றில் எதற்கும் புதிய இயந்திரம் தேவைப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மருத்துவமனையில் அப்பாவின் மூக்கில் பிராணவாயுக் குழாய் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அதை எடுத்துவிட்டார்கள். “ஏன் எடுத்துட்டாங்க? இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருக்கலாமே!” என்று அம்மா தவித்தார். தாதி விரலில் மாட்டியிருந்த கருவியைக் காட்டினார், 97 என்றிருந்தது. இரத்தத்தில் பிராணவாயு போதுமான அளவுக்கு இருந்தால் மேலும் கொடுப்பதால் பயன் இல்லை. பிரிட்டனில் 8,003 பக்கவாத நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பிராணவாயு குறையாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுத்ததால் மூன்று மாதங்களுக்குப் பிறகு எந்த நன்மையும் காணப்படவில்லை. குறைந்தவர்களுக்கு மட்டும் அது மருந்து.

இன்னொரு பாடமும் முதல் நாட்களுக்கு உரியது. அதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. நோயாளியை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா ஆகிய ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடமாட வைக்கப்பட்டவர்களில் 46 விழுக்காட்டினர் நல்ல நிலையை அடைந்தனர். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 விழுக்காட்டினர். அவசரப்பட்டவர்களுக்குத்தான் குறைவு! பயிற்சி தேவை, ஆனால் அது உரிய நேரத்தில், உரிய அளவில் தொடங்க வேண்டும். கசிவு நோயாளிகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

பிராணவாயு அறை

அப்பா வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், ஜொகூர் பாருவிலிருந்து பெரியப்பா வந்தார். கையில் வண்ணத் தாள் ஒன்று. “ஏம்மா, ஆக்சிஜன் அறைன்னு ஒன்னு இருக்காம். நாப்பது தடவ உள்ள படுத்து எந்திரிச்சா செத்துப்போன மூள செல்லெல்லாம் திரும்ப வந்துருமாம். என் பங்க நான் போடுறேன்” என்றார். மீதிப் பங்குக்கு அம்மாவின் நகைகள்தாம் இருந்தன. பெரியப்பா யாரையும் ஏமாற்ற வரவில்லை. தம்பியை அந்தக் கோலத்தில் பார்க்கப் பொறுக்காமல் வந்தார். அம்மாவும் “சரி மாமா, கேட்டுப் பார்ப்போம்” என்றார். அன்றிரவே நான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

உயர் அழுத்தப் பிராணவாயு சிகிச்சை என்பது உண்மையான மருத்துவமே. நாம் சுவாசிக்கும் காற்றில் 21 விழுக்காடு பிராணவாயு. அதன் பெரும்பகுதியை இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் சுமக்கிறது. நலமாக உள்ளவரிடம் ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. மூடிய அறைக்குள் காற்றழுத்தத்தை இரண்டு மூன்று மடங்காக்கி, தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்தால் அது இரத்த நீரிலேயே நேரடியாகக் கரைகிறது. சோடாப் புட்டிக்குள் அழுத்தத்தால் வாயு கரைந்திருப்பதைப் போன்றது இது. 1960இல் நெதர்லாந்தின் மருத்துவர் போரேமா, சிவப்பணுக்கள் ஏறக்குறைய முழுதும் அகற்றப்பட்ட பன்றிகளை இம்முறையில் உயிரோடு வைத்துக் காட்டினார்.

ஆழ்கடலில் மூழ்கி வேகமாக மேலே வருவோரின் இரத்தத்தில் குமிழிகள் உண்டாகும் நோய்க்கு இதுவே முதன்மைச் சிகிச்சை. கார்பன் மோனாக்சைடு நச்சு, சிலவகை ஆறாத நீரிழிவுப் புண்கள், கதிரியக்கச் சிகிச்சையால் வந்த திசுச் சேதம் ஆகியவற்றுக்கும் இது ஏற்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் லுமுட் கடற்படைத் தளத்தில் இத்தகைய அறை இருப்பது கடலில் மூழ்கி வேலை செய்வோரை முன்னிட்டே.

பக்கவாதத்துக்கு? இங்கேதான் கவனம் தேவை. மூளையில் பாதிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி, இறக்காமல் ஆனால் வேலையும் செய்யாமல் கிடக்கும் அணுக்கள் உண்டு; கூடுதல் பிராணவாயு அவற்றை எழுப்பும் என்பது ஒரு கருத்து. இஸ்ரேலில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு இதற்கு நம்பிக்கை தந்தது. பக்கவாதம் வந்து 6 முதல் 36 மாதங்கள் ஆன 74 பேர் அதில் சேர்ந்தனர். இரண்டு மடங்கு அழுத்தத்தில், 90 நிமிடம் வீதம் 40 அமர்வுகள். முன்னேற்றம் காணப்பட்டது. பெரியப்பாவின் தாளில் இருந்த ‘நாற்பது’ இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிடப்பட்ட மற்றக் குழுவினருக்கு அந்த இரண்டு மாதங்களும் எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை. போலி அமர்வுகூட இல்லை. இது ஏன் முக்கியம்? தலைக்காயத்துக்குப் பின் தொல்லைகள் தொடர்ந்த 72 அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு விடை சொல்கிறது. அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஒரு குழுவுக்கு உண்மையான பிராணவாயு. மூன்றாவது குழுவுக்கு அதே அறையில் லேசான அழுத்தத்தில் சாதாரணக் காற்று. உண்மை அறையில் இருந்தவர்களும் போலி அறையில் இருந்தவர்களும் ஒரே அளவில் முன்னேறினார்கள்! நாள்தோறும் ஓரிடத்துக்குப் போவது, பலர் அக்கறையாகக் கவனிப்பது, குணமாகும் என்று நம்புவது ஆகியவையே அவர்களைத் தேற்றியிருக்க வேண்டும் என்று கருதலாம்.

அடைப்பு வகைப் பக்கவாதத்தின் தொடக்க நாட்களில் இதைப் பயன்படுத்திய 11 ஆய்வுகளை, 705 நோயாளிகளின் விவரங்களோடு, காக்ரேன் குழு 2014இல் தொகுத்துப் பார்த்தது. பயன் உண்டு என்று சொல்லப் போதுமான சான்று கிடைக்கவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2013இல், பக்கவாதம் உள்ளிட்ட பல நோய்களுக்கு இந்த அறை பலன் தருவதாக நிறுவப்படவில்லை என்று பொதுமக்களை எச்சரித்தது. இறந்த மூளை அணுக்களை மீட்கும் என்பதற்குச் சான்றே இல்லை.

தீங்குகளும் உண்டு. காது சவ்விலும் சைனஸ் அறைகளிலும் அழுத்தக் காயம், தற்காலிகமான கிட்டப்பார்வை, அரிதாக வலிப்பு ஆகியவை ஏற்படலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருப்பவருக்கு அறை உயிராபத்து. தூய பிராணவாயுவில் சிறு பொறியும் பெருந்தீயாகிவிடும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இத்தகைய அறை தீப்பிடித்து 5 வயதுச் சிறுவன் உயிரிழந்தான்.

அடுத்த மறுபரிசோதனையில் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டினோம். அவர் திட்டவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார். இவருடைய இரத்த அழுத்தம் வீட்டில் தினமும் அளக்கப்படுகிறதா? கைக்கு நாளொன்றுக்கு எத்தனை தடவை பயிற்சி நடக்கிறது? இந்தப் பணம் போய்விட்டால் அடுத்த ஓராண்டுக்குப் பயிற்சிக்கு வந்துபோக என்ன செய்வீர்கள்? மூன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை.

அன்று மாலை பெரியப்பா மறுபடி பேச்செடுத்தபோது, அப்பா இடது கையால் அந்தத் தாளைத் தொட்டார். பிறகு அம்மாவின் வளையலைத் தொட்டார். தலையை இல்லை என்று ஆட்டினார். அவருக்குப் பேச்சுதான் போயிருந்தது. நாங்கள் பேசியதெல்லாம் புரிந்துகொண்டுதான் இருந்தார். அவருடைய உடம்பைப் பற்றிய முடிவை அவரிடம் கேட்காமலே நாங்கள் எடுக்கப் பார்த்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மூளை மீண்டும் கற்கிறது

இறந்த அணு திரும்பி வராது என்றால் முன்னேற்றம் எப்படி வருகிறது? வீக்கம் வடிவது ஒரு பகுதி. மற்றது, உயிரோடு இருக்கும் அணுக்கள் புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு, இறந்தவற்றின் வேலையை ஏற்றுக்கொள்வது. 1996இல் ராண்டால் நூடோ என்ற ஆய்வாளர் அணில் குரங்குகளிடம் இதைக் காட்டினார். மூளையில் சிறு சேதம் ஏற்பட்ட பின் கைக்குப் பயிற்சி தரப்பட்ட குரங்குகளில், கையை ஆளும் மூளைப் பரப்பு காக்கப்பட்டது. பயிற்சி இல்லாதவற்றில் சேதமடையாத பரப்பும் சுருங்கியதை அவரே முன்னர் கண்டிருந்தார். பயன்படுத்தாததை மூளை கைவிட்டுவிடுகிறது.

எனவே மறுவாழ்வுப் பயிற்சியின் உயிர்நாடி, திரும்பத் திரும்பச் செய்தல். அதுவும் வெறுமனே கையைத் தூக்கி இறக்குவதைவிட, குவளையைப் பிடிப்பது, துண்டை மடிப்பது போன்ற உண்மையான வேலையைச் செய்வது நல்லது. எத்தனை தடவை? வட அமெரிக்காவில் 312 பயிற்சி அமர்வுகளைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், கைக்கான வேலைப் பயிற்சி ஓர் அமர்வில் சராசரி 32 தடவைதான் நடந்திருந்தது. விலங்கு ஆய்வுகளில் மூளை மாறுவதற்கு நூற்றுக்கணக்கான தடவைகள் தேவைப்பட்டன. இந்த இடைவெளியை வாரம் ஒரு முறை மருத்துவமனைக்குப் போவதால் மட்டும் நிரப்ப முடியாது.

நல்ல கையை உறையிட்டு அடக்கி வைத்து, நோய்ப்பட்ட கையையே பயன்படுத்தச் செய்வது ஒரு முறை. 222 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் அது நல்ல பலன் தந்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நீட்டக் கூடியவர்களுக்கே அது பொருந்தும். அப்பாவின் வலது கை அப்போது மடியில் கிடந்த கிடை. அவருக்குப் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தது கண்ணாடி.

இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார் என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன். தமிழ்நாட்டில் 1951இல் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் கை துண்டிக்கப்பட்டவர்களின் ‘இல்லாத கையில்’ வரும் வலிக்குக் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கையாண்டார். 1999இல் அவரும் சக ஆய்வாளர்களும் பக்கவாதத்தால் கை செயலிழந்த 9 பேரிடம் அதே முறையைச் சோதித்து வெளியிட்டனர். 2018இல் காக்ரேன் குழு 62 ஆய்வுகளையும் 1,982 நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்து, கண்ணாடிப் பயிற்சி இயக்கத்தையும் அன்றாட வேலைத் திறனையும் மேம்படுத்துகிறது என்று முடிவு கூறியது.

செய்முறை எளிது. மேசை மீது கண்ணாடியை நோயாளியின் நெஞ்சுக்கு நேராக நிமிர்த்தி வைக்க வேண்டும். நோய்ப்பட்ட கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். நல்ல கை முன்னால். நல்ல கையை அசைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால், நோய்ப்பட்ட கை அசைவது போலவே தெரியும். கண் காணும் அந்த அசைவு, கையை ஆளும் மூளைப் பகுதியைத் தூண்டுகிறது என்று கருதப்படுகிறது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மருத்துவமனைப் பயிற்சிகள் நின்றன. நானும் வளாகத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். தம்பி அலமாரிக் கதவின் கண்ணாடியைக் கழற்றி, ஓரங்களில் துணி சுற்றி, பலகையில் பொருத்தினான். காலை அரை மணி, மாலை அரை மணி. பயிற்சியாளர் வாட்ஸ்அப் காணொளியில் பார்த்துத் திருத்தினார். ஐந்து வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் வாரம் ஒரு நாள் அம்மா, “கட்டை விரல் ஆடுச்சு” என்று கத்தினார். நாங்கள் ஓடி வருவதற்குள் நின்றுவிட்டது. மறுநாள் மீண்டும் ஆடியது.

பேச்சு

அப்பா எம்.ஜி.ஆர். இரசிகர். அவரைத் தேற்ற நாங்கள் சொன்னதும் எம்.ஜி.ஆர். கதைதான். 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் தாக்கி, அவரை அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்றார். ஆனால் அவருடைய பேச்சு முன்போல் தெளிவாகத் திரும்பவில்லை. அப்படியே 1987 வரை பணி செய்தார். முழுக் குணம் வேறு, வாழ்க்கைக்குத் திரும்புதல் வேறு என்பதற்கு அவர் ஒரு சான்று.

பேச்சிழந்தவர்கள் பலர் பாடக் கூடியவர்களாக இருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்தார்கள். 1973இல் பாஸ்டனில் இதைப் பயிற்சி முறையாக வகுத்தார்கள்: ஒரு சொற்றொடரை இராகத்தோடு இழுத்து, இடது கையால் தாளம் தட்டிக்கொண்டே சொல்லுதல். அப்பாவுக்கு ‘தண்ணி’ என்ற சொல் வரவில்லை. ஆனால் வானொலியில் எம்.ஜி.ஆர். பாடல் வந்தபோது இரண்டு வரிகளைக் கூடவே பாடினார். அம்மா அடுப்படியில் அழுதுகொண்டே நின்றார். அதன் பிறகு ‘தண்ணி வேணும்’ என்பதைத் தாளம் தட்டித் தட்டி மூன்று வாரம் பழகினோம்.

வீட்டார் செய்ய வேண்டியதும் கூடாததும்

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். வீட்டார் பயிற்சி கொடுத்தால் போதுமா என்பதை இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு சோதித்தார்கள். லூதியானா கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் ஜெயராஜ் பாண்டியன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 2017இல் முடிவு வெளிவந்தது. வீட்டாருக்குப் பயிற்சி தரப்பட்ட குழுவிலும், வழக்கமான கவனிப்புக் குழுவிலும் ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் 47 விழுக்காடு, வேறுபாடு இல்லை. அன்பு பயிற்சியாளருக்கு மாற்றாகாது என்பதே இதிலிருந்து நான் கற்றது. பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்து, அவ்வப்போது பார்த்துத் திருத்தினால்தான் வீட்டார் செய்யும் நூற்றுக்கணக்கான தடவைகளுக்குப் பொருள் இருக்கும்.

எங்கள் பிழையையே சான்றாகச் சொல்கிறேன். அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்ப, நாங்கள் அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்துவந்தோம். தளர்ந்த தசை தோள் மூட்டைத் தாங்காது. இரண்டே வாரத்தில் தோளில் கடும் வலி. ஒரு மாதப் பயிற்சி வீணானது. நோய்ப்பட்ட கையை ஒருபோதும் இழுக்கக் கூடாது என்பதை யாரிடமும் நாங்கள் கேட்டிருக்கவில்லை.

அனுபவத்தில் நாங்கள் கற்றவை இவை:

1. இரத்த அழுத்தத்தைக் காலையும் மாலையும் அளந்து எழுதி வைத்தல். இரண்டாவது கசிவைத் தடுக்க இதைவிடப் பெரிய மருந்து இல்லை.
2. படுக்கையில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தல். நோய்ப்பட்ட கைக்கு எப்போதும் தலையணை ஆதாரம் தருதல்.
3. விழுங்கும் திறனைப் பேச்சுப் பயிற்சியாளர் சோதித்த பிறகே தண்ணீரும் சோறும் கொடுத்தல்.
4. அவரால் செய்ய முடிந்ததை நாம் செய்யாதிருத்தல். சட்டை போட அரை மணி ஆனாலும் காத்திருத்தல்.
5. அழுகையையும் கோபத்தையும் பிடிவாதம் என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்லுதல். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு பரவலானது. அதற்கு மருந்து உண்டு.
6. பராமரிப்பவருக்கும் ஓய்வு தருதல். அம்மாவின் இரத்த அழுத்தத்தை நாங்கள் அளந்தது எட்டு மாதங்களுக்குப் பிறகுதான். அவருக்கும் அதிகமாக இருந்தது.

உதவி கிடைக்கும் இடங்கள்

பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ என்பவர் 1996இல் தொடங்கிய தேசியப் பக்கவாதச் சங்கம், பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கிப் பல நகரங்களில் மறுவாழ்வு நிலையங்களை அமைத்தது. சொக்சோ சந்தா செலுத்திய தொழிலாளர்களுக்காக மலாக்காவில் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014இல் திறக்கப்பட்டது. தகுதி உள்ளவர்கள் சொக்சோவிடம் இயலாமை ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். சமூக நல இலாகாவில் மாற்றுத் திறனாளியாகப் பதிந்துகொள்ளலாம். அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் சொக்சோ சந்தா கட்டியவர். அதன் மூலம் பயிற்சி பெறலாம் என்று எங்களுக்குத் தெரிந்தபோது ஓராண்டு கடந்துவிட்டது. நகையை அடகு வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

முடிவுரை

அமெரிக்க மூளை ஆய்வாளர் ஜில் போல்ட் டெய்லர், 1996 டிசம்பர் 10ஆம் நாள் தம் 37ஆம் வயதில் இடப்பக்க மூளைக் கசிவுக்கு ஆளானார். மூளையைப் பற்றி எல்லாம் அறிந்த அவருக்கே மீண்டு வர எட்டு ஆண்டுகள் பிடித்தன. அவருடைய தாயார்தான் அருகில் இருந்து, குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது போல எழுத்தையும் எண்ணையும் சொல்லிக் கொடுத்தார்.

அப்பா இன்று முக்கால் ஊன்றுகோலின் துணையோடு வாசல் வரை நடக்கிறார். வலது கையால் குவளையைப் பிடிக்கிறார். ஆனால் சூடான தேநீரை நாங்கள் இன்னும் கொடுப்பதில்லை. சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுகிறார். லாரி ஓட்டப் போவதில்லை. பிராணவாயு அறைக்குப் போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருப்பாரா என்று பெரியப்பா எப்போதாவது கேட்பார். கையிலிருக்கும் சான்றுகளை வைத்து அன்று முடிவெடுத்தோம் பெரியப்பா, என்று நான் சொல்வேன். நாளை நல்ல ஆய்வு ஒன்று வேறு விடை சொன்னால் என் கருத்தையும் மாற்றிக்கொள்வேன்.

அன்பு வாசகர்களே, உங்களில் பலர் விடுமுறைக்கு ஊர் திரும்புவீர்கள். வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி இருப்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்குப் பார்த்துக் கொடுத்த மாத்திரை அட்டைகளும் எங்காவது இருக்கும். அலமாரியைத் திறந்து பாருங்கள். பிரிக்கப்படாமல் கிடந்தால் பேசுங்கள். அந்த ஏழு அட்டைகளைப் பற்றி நான் அப்பாவிடம் பேசியிருக்க வேண்டும். இப்போது தினமும் காலையில் மாத்திரையைப் பிரித்து அவர் கையில் வைக்கிறேன். அவர் அதை வலது கையால்தான் வாங்குகிறார்.